ஒன்று தள்ளி

மேலே ஒட்டியிருந்த தாளில்
தலை பதினாறு என்று போட்டிருந்தது.
தோட்டப்பாளையத்துக் கடையில் கரண்ட் போன ஒரு மதியம்
செத்த டிஸ்கின் மூடியைக் கழற்றி
எண்ணிப் பார்த்தேன்.
தட்டு இரண்டு. தலை மூன்று.
மீதிப் பதின்மூன்றும் பயாஸுக்குச் சொன்ன பொய்.

பயாஸுக்குக் கேட்கத் தெரிந்ததே மூன்று கேள்வி:
எத்தனை சிலிண்டர், எத்தனை தலை, எத்தனை செக்டர்.
(முதல் இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ணும்.
செக்டரை மட்டும் ஒன்றிலிருந்து.
கேட்டால் அது அப்படித்தான்.)
சுற்றுக்கு அறுபத்துமூன்று,
உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும்.
அறுபத்து மூவரை உள்பிராகாரத்தில் தோளுரச நிறுத்தலாம்;
தேர் ஓடும் வீதியையும் அதே அறுபத்து மூவர்
அதே தோளுரசலில் நிறைக்கிறார்கள் என்றால்
யார் நம்புவார்?
பயாஸ் நம்பியது.

முதல் சுற்றில் முதல் செக்டருக்கு மட்டும் பட்டா.
பின்னால் அறுபத்திரண்டு சும்மா கிடக்கும்,
அசல் புறம்போக்கு.
புறம்போக்கில் குடிசை விழாமல் இருக்குமா?
பூட் லோடர் ஒன்று பாதியை வளைத்தது.
வைரஸ்கள் ராவோடு ராவாகக் கொட்டகை போட்டன.
ஏதோ ஒரு கணக்கு மென்பொருள்
தன் லைசென்ஸ் சீட்டை அங்கே புதைத்துவிட்டு
வெளியே மூச்சுவிடவில்லை.
எல்லை தாண்டி, அறுபத்துமூன்றில்,
குடித்தனம் தொடங்கும்.

அக்கினி நட்சத்திரம், இரண்டாயிரத்துப் பதினொன்று.
மேல்விஷாரம் தோல்மண்டி நதீமுல்லா
புது டிஸ்கோடு வந்து நின்றார்.
“மூணாயிரத்து நூறு ரூபா குடுத்து
ஆமை வாங்கியிருக்கேன்மா.”

ஆமைக்கும் ஒரு ரகசியம் இருந்தது.
உள்ளே எட்டெட்டாய்ச் சேர்த்துப் பெரிய பாத்தி கட்டிவிட்டு
வெளியே பழைய அளவையே சொல்லிக்கொண்டிருந்தது.
அறுபத்துமூன்று எட்டில் அடங்காது.
எழுத வரும் ஒவ்வொரு பக்கமும்
ஒரு செக்டர் இந்தப் பாத்தியில், ஏழு அடுத்ததில்.
ஒரு சால் ஓட்ட
இரண்டு வரப்பை வெட்டி
இரண்டையும் திரும்பக் கட்டி,
அதற்குள் தட்டு ஒரு சுற்று போய் வந்துவிடும்.

செய்தவர்களுக்கும் இது தெரியும்.
பின்பக்கம் முட்கள் வைத்திருந்தார்கள்.
ஏழையும் எட்டையும்
மிளகளவு ஜம்பரால் இணைத்தால்
கேட்ட எண்ணோடு டிஸ்க் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும்.
அறுபத்துமூன்று கேட்டால் அறுபத்துநாலு கொடுக்கும்.
பொய்க்கு மேல் பொய் வைத்தேன்,
கோணல் நிமிர்ந்தது.
எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன்.
ஆமை ஓடியது.

நாலு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போன்.
“டிஸ்க் காலின்னு சொல்லுது. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது.”
கேட்கட்டும், நீங்கள் கைவைக்காதீர்கள் என்றேன்.
முந்தின நாள்தான் தேவசகாயம்
தூசி ஊதக் கழற்றியிருந்தான்.

காட்பாடிக்குப் போன் போட்டேன்.
“பின்னாடி ஒரு கறுப்புத் துண்டு இருந்துச்சேக்கா,
எதுக்குன்னு தெரியல, எடுத்துப் பையில போட்டேன்.”
எந்தப் பையில்?
“சட்டப் பையில.”
சட்டை எங்கே?
கொஞ்ச நேரம் பதிலில்லை.
பிறகு ஹெப்சிபா வாளிக்குள் கைவிட்டுத்
துழாவும் சத்தம்.

மேல்விஷாரத்தில் ஒரு தோலும் தொலையவில்லை.
வைத்தது வைத்த இடத்திலேயே கிடந்தது.
கேட்கிறவர்தான்
ஒரு வீடு தள்ளிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் டிக்கெட்டில் மடித்து எடுத்துவந்தான்.
சவுக்கார வாசம்.
ஃபேனில் காட்டி உலர்த்தி
நதீமுல்லாவின் மேசைக்கடியில் குனிந்து
ஏழிலும் எட்டிலும் செருகினேன்.
திரையில் வந்தது:
உப்பிட்ட ஆட்டுத்தோல், ஆயிரத்து நூற்று நாற்பது உருப்படி,
பேரணாம்பட்டு பாக்கி.
பாக்கியைப் பார்த்துச் சிரித்த ஒரே மனிதரை
அன்றுதான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் தொடங்குகிறது.
எட்டில் அடங்கும். வம்பில்லை.

போன வாரம் ஒரு எஸ்எஸ்டி வந்தது.
தட்டு இல்லை, தலை இல்லை, சுழல எதுவுமே இல்லை.
பழைய கருவி ஒன்றை ஓட்டி விசாரித்தேன்.
தலை இருநூற்று ஐம்பத்தைந்து.
சுற்றுக்கு அறுபத்துமூன்று.

தேவசகாயத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
“நான் எதையும் தொடலக்கா” என்றான்.